இரண்டு வாகனமும் ஒரு சக்கர நாற்காலியும்

பரந்தனுக்கு உட்பக்கமாக, கிரவல் வீதியில் இரண்டு கிலோமீற்றர் போனால் வரும் ஒரு வீட்டுக்கு அண்மையில் போயிருந்தேன். போன காரணம் வேறு. அந்த வீட்டு அண்ணையின் சக்கர நாற்காலிக்குரிய காற்று மெத்தை ஓட்டையாகிவிட்டது என்று அறிவித்திருந்தார்கள். தேநீர் தந்துவிட்டு அக்கா தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"மிஸ், உங்களுக்கு வாகனம் பற்றித் தெரியுமோ? தம்பி ரெண்டு படம் அனுப்பியிருக்கிறான். ரெண்டில ஒண்டைச் சொல்லு, காசு போடுறன் எண்டுறான். எனக்கு ரெண்டும் ஒண்டு மாதிரித்தான் கிடக்கு."

தம்பி ரொறன்ரோவில் இருக்கிறார். அனுப்பிய படங்களில் ஒன்று ஹொண்டா வெசல், மற்றது டொயோட்டா சி.எச்.ஆர். இரண்டும் எங்கள் ஆட்கள் 'ஜீப்' என்று சொல்கிற உயரமான குடும்பக் கார்கள். இரண்டும் ஹைபிரிட். இரண்டும் ஜப்பானில் இருந்து வந்து இங்கே ஒருவர் கை பட்டவை.

இதை வாசிக்கும் சகோதரிகளில் பலருக்குச் சைக்கிளுக்கு ரயர் மாற்றுவதே பெரிய செலவு என்பது எனக்குத் தெரியும். இருந்தும் இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் அன்போடு ஏதோ ஒன்றை வாங்கித்தர முன்வருவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. குளிர்சாதனப் பெட்டி வருகிறது, தண்ணீர் மோட்டார் வருகிறது, சிலருக்கு வீடே வருகிறது. தெரிவு மட்டும் அங்கேயே நடந்து முடிந்துவிடுகிறது. பாவிக்கிறவளுக்குக் கடைசியில் கிடைப்பது திறப்பு.

இந்த வீட்டின் நிலைமையைச் சொல்லவேண்டும். அண்ணைக்கு 2009 மாசியில் செல் துண்டு முதுகில் பட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அப்போது மகளுக்கு இரண்டு வயது, மகன் கைக்குழந்தை. இப்போது மகள் உயர்தரம் எழுதிவிட்டாள், மகன் படித்துக்கொண்டிருக்கிறான். அக்கா வீட்டோடு தையலும் கோழியும் பார்க்கிறார். அண்ணையின் தாயார், எண்பதை நெருங்கும் ஆச்சி, கூட இருக்கிறார். சிறுநீர்த் தொற்று வந்தாலும் படுக்கைப் புண் வந்தாலும் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகவேண்டும். போக ஏறத்தாழ 60 கிலோமீற்றர். ஒவ்வொரு முறையும் வான் பிடிக்கவேண்டும். வான்காரர் வரும்வரை காய்ச்சல் பொறுத்திருக்காது. ஆகவே இந்த வீட்டுக்கு வாகனம் ஆடம்பரம் இல்லை.

எனக்கு வாகன அறிவு பெரிதாகக் கிடையாது. எங்கள் அலுவலக வாகனங்களைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணை ஒருவரைக் கேட்டும், என் சொந்தக்காரர் சிலரை நச்சரித்தும் அறிந்ததைத்தான் அக்காவுக்குச் சொன்னேன்.

ஹைபிரிட் என்றால் பெற்றோல் இயந்திரமும் மின் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் வாகனம். இந்த இரண்டையும் வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் போடத் தேவையில்லை. வேகத்தைக் குறைக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் வீணாகும் சக்தியைப் பற்றரியில் சேமித்துப் பிறகு எடுத்துக்கொள்ளும். நின்று நின்று ஓடும் நகர ஓட்டத்தில்தான் இதன் இலாபம் அதிகம். ஏ9 வீதியில் ஒரே சீராகப் போகும்போது சாதாரண காருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் குறைந்துவிடும். ஜப்பானியச் சோதனை அளவில் சி.எச்.ஆர் ஹைபிரிட் லீற்றருக்கு 30 கிலோமீற்றர் வரையும் வெசல் ஹைபிரிட் 27 வரையும் ஓடும் என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் வெக்கையிலும் ஏ.சி.யோடும் அதில் மூன்றில் இரண்டு பங்கு வந்தாலே திருப்திப்படவேண்டும். 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாகி, கியூ.ஆர். காட்டி வரிசையில் நின்ற நாட்களை மறக்காதவர்களுக்கு அதுவும் பெரிய விடயம்தான். ஆனால் இந்த மூன்று கிலோமீற்றர் வித்தியாசத்தை வைத்து இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய முடியாது என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன். வெசல் என்று சொல்லி வருவதெல்லாம் ஹைபிரிட் இல்லை. பெற்றோல் மட்டும் பாவிக்கும் வெசலும் உண்டு. சி.எச்.ஆரிலும் அப்படித்தான். 1.2 லீற்றர் ரர்போ இயந்திரம் பூட்டிய, மின் மோட்டார் இல்லாத சி.எச்.ஆர்கள் இலங்கையில் நிறைய ஓடுகின்றன. வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்று. பதிவுப் புத்தகத்தில் மொடல் இலக்கத்தைப் பார்க்கவேண்டும். பழைய வகை வெசலில் முன்சில்லு இழுக்கும் ஹைபிரிட் என்றால் ஆர்.யு.3, நான்கு சில்லும் இழுப்பதென்றால் ஆர்.யு.4. சி.எச்.ஆர் ஹைபிரிட் என்றால் இசட்.வை.எக்ஸ்.10 அல்லது 11 என்று இருக்கும். தம்பி அனுப்பிய சி.எச்.ஆர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். நல்லவேளை, பின்பக்கம் ஹைபிரிட் என்று எழுதியிருந்தது.

தம்பியின் விருப்பம் சி.எச்.ஆர். அவர் சொன்ன காரணம் பிழையில்லை. டொயோட்டாவின் இந்த முறையில் கியர் மாறுவதும் இல்லை, கிளச் தேய்வதும் இல்லை. பிரியஸ், அக்வா ஓடும் அதே குடும்பத்து முறை. 1.8 லீற்றர் இயந்திரமும் பிரியஸில் உள்ளதுதான். எங்கள் பக்கத்து கராஜ்காரருக்கும் அது கைவந்த வேலை. பழைய வெசல் ஹைபிரிட்டில் உள்ளது ஏழு கியரும் இரண்டு கிளச்சும் கொண்ட பெட்டி. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது அது சூடாகும். 2014இல் ஹொண்டாவே ஜப்பானில் வெசல், ஃபிட் ஹைபிரிட்களை ஒரு முறைக்கு மேல் திருப்பி அழைத்துத் திருத்திக் கொடுத்தது, அந்தக் கியர் பெட்டியை இயக்கும் கணினி நிரல் உட்பட. 2021இல் வந்த புதிய வெசலில் அந்தப் பெட்டியே இல்லை, வேறு முறை. ஆனால் அதன் விலை தம்பியின் கணக்குக்குள் வராது. 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 மாசியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பவும் திறந்தார்கள். அந்த ஐந்து வருட அடைப்பில் பழைய வாகனங்களுக்கே தங்க விலை வந்துவிட்டது. திறந்த பிறகும் வரி குறைவில்லை.

ஆகவே இயந்திரத்தை மட்டும் பார்த்தால் தம்பி சொல்வது சரி. அவர் பார்க்காதது வீதியையும் ஆட்களையும்.

அக்காவிடம் தையல் அளவு நாடா இருந்தது. அதை எடுத்துக்கொண்டு முதலில் வீட்டு ஒழுங்கைக்குப் போனோம். மழைக்கு உழவு இயந்திரங்கள் ஓடி இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து நடுவில் திட்டாகக் கிடக்கிறது. திட்டின் உயரம் சில இடங்களில் ஆறு அங்குலத்துக்கு மேல். சி.எச்.ஆர் ஹைபிரிட்டின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையே உள்ளது ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர், அதாவது ஐந்தரை அங்குலம். வெசல் ஹைபிரிட்டின் முன்சில்லு இழுவை வகைக்கு ஏறத்தாழ 18.5 சென்ரிமீற்றர், ஏழு அங்குலத்துக்குச் சற்று மேல். ஜீப் என்று பெயர் சொன்னாலும் சி.எச்.ஆர் ஒரு காரின் உயரம்தான். அழகுக்காகக் கீழே பட்டி பூட்டியிருந்தால் இரண்டிலும் இன்னும் குறையும்.

பிறகு நாற்காலியை மடித்து அளந்தோம். மடித்தால் ஒரு அடி தடிப்பு, ஆனால் பெரிய சில்லின் உயரமும் கால் வைக்கும் தட்டின் நீளமும் குறையாது. இதை எங்கே வைப்பது, யார் தூக்குவது? நாற்காலியைத் தூக்கப்போவது அக்கா. அவருக்கே நாரிப்பிடிப்பு. அண்ணையை நாற்காலியில் இருந்து ஆசனத்துக்குப் பலகையில் சறுக்கி மாற்றுவதும் அவரே. இரண்டு வாகனத்திலும் முன் ஆசனம் சக்கர நாற்காலியைவிட உயரம். எவ்வளவு உயரம் என்பதைப் படத்தில் பார்க்க முடியாது.

ஒரு சனிக்கிழமை வான் பிடித்து, நாற்காலியையும் அண்ணையையும் ஆச்சியையும் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு வாகன விற்பனை நிலையத்துக்குப் போனோம். அண்ணையின் தமையனும் வந்தார். விற்பனையாளர் தமையனுடன் மட்டும் பேசினார். அக்கா கேட்ட கேள்விக்கும் பதில் தமையனுக்குத்தான் போனது. நாங்கள் நாற்காலியை இறக்கியபோது, "இதையும் ஏத்தப் போறியளோ?" என்றார்.

ஏற்றிப் பார்த்தோம். சி.எச்.ஆரின் பின்பெட்டி சிறியது. பின்கண்ணாடி சரிந்து இறங்குவதால் நாற்காலி நிமிர்ந்து நிற்காது, படுக்க வைத்தால் பைகளுக்கு இடமில்லை. வெசலில் ஒரு வசதி இருந்தது, எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதன் பெற்றோல் தாங்கி முன் ஆசனங்களுக்குக் கீழே இருப்பதால், பின் ஆசனத்தின் இருக்கையை மேலே மடித்து நிறுத்தலாம். அந்த இடைவெளியில் மடித்த நாற்காலி பக்கக் கதவு வழியாக நிமிர்ந்தபடியே உள்ளே போனது. பின்பெட்டி விளிம்புக்கு மேலால் தூக்கி இறக்கத் தேவையில்லை. அக்கா இரண்டு தரம் தானாகவே ஏற்றி இறக்கிப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க முடியாது என்பது அதன் குறை. ஐவரும் சேர்ந்து போகிற நாளில் நாற்காலி பின்பெட்டிக்குத்தான் போகவேண்டும். வெசலின் பெட்டி கொஞ்சம் பெரிதென்பதால் அதுவும் ஒருவாறு சமாளிக்கலாம்.

ஆச்சியைச் சி.எச்.ஆரின் பின் ஆசனத்தில் இருத்தினோம். அதன் பின் யன்னல்கள் சிறியவை, மேல்நோக்கி ஒடுங்கிப் போகின்றன. உள்ளே இருட்டு. ஒரு நிமிடம் இருக்கவில்லை, ஆச்சி கதவைத் தட்டத் தொடங்கிவிட்டார்.

"என்னைத் திறந்து விடுங்கோ. பங்கருக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்கு."

கதவின் பிடி வெளியே யன்னல் மூலையில் உயரத்தில் ஒளிந்திருப்பதால் திறக்கவும் சற்றுச் சுணங்கிவிட்டது. வெசலிலும் பிடி அப்படித்தான் ஒளிந்திருக்கிறது, ஆனால் யன்னல் பெரிது. இறங்கிய பிறகும் ஆச்சியின் கை நடுங்கியது. விற்பனையாளருக்கு விளங்கவில்லை. எங்களுக்கு விளக்கம் சொல்லவும் மனம் வரவில்லை.

இவ்வளவும் நடக்கும்வரை ஒருவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அண்ணையைச் சொல்கிறேன். ஒரு மணித்தியாலமாக அவர் தலைக்கு மேலால் அக்காவும் தமையனும் விற்பனையாளரும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். மாற்றுத்திறனாளிகளைத் தீர்மானங்களில் சேர்க்கவேண்டும் என்று பயிற்சிப் பட்டறைகளில் நான் வகுப்பு எடுப்பவள். வெட்கமாக இருந்தது. "அண்ணை, உங்களுக்கு எது வசதி?" என்று கேட்டேன்.

"எனக்குக் கீழ உணர்வில்லை எண்டதாலதான் குலுக்கல் எனக்குப் பிரச்சினை," என்றார். "நோகிறது தெரியாது. வீட்ட போய்ப் பாத்தால்தான் புண் தெரியும்."

வெசலின் ஓட்டம் சற்று இறுக்கமானது என்று மெக்கானிக் அண்ணையும் சொல்லியிருந்தார். பள்ளத்தில் விழுந்தால் உடம்புக்கு வரும். சி.எச்.ஆர் அந்த விடயத்தில் மென்மை. அண்ணை இரண்டிலும் ஏறி இருந்து, விற்பனையாளர் ஓட்ட ஒரு சுற்றுப் போய் வந்தார். வந்து, "மெத்தை ஒழுங்கா இருந்தால் இதில போகலாம்" என்று வெசலைக் காட்டினார். அவருடைய காரணம் எங்கள் ஒருவரின் பட்டியலிலும் இல்லாதது. நாற்காலி தனக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில் இருக்கிறதாம். பின்பெட்டியில் இருந்தால் யாரும் எடுத்துத் தரும்வரை இருக்கவேண்டுமாம்.

முள்ளந்தண்டு பாதிப்புள்ளவர்களை நெடுந்தூரம் கொண்டுபோகும் சகோதரிகளுக்கு இங்கே ஒன்று சொல்லவேண்டும், எந்த வாகனம் என்றாலும். கார் ஆசனம் மென்மையாக இருக்கிறதே என்று மெத்தையை வீட்டில் விட்டுப் போகாதீர்கள். நாற்காலி மெத்தையை ஆசனத்தில் போட்டால் உயரம் கூடும், தலை கூரையில் முட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். அரை மணிக்கு ஒருக்கா கையூன்றி உடம்பைத் தூக்கவோ பக்கத்துக்குச் சரிக்கவோ செய்யவேண்டும். முடியாதவர் என்றால் வாகனத்தை நிறுத்தி நீங்கள் சரித்து விடுங்கள்.

வெசல் என்று தீர்மானித்தால் போதாது, எந்த வெசல் என்பது அடுத்த தலையிடி. 2025 கார்த்திகையில் டித்வா புயலின் வெள்ளத்தில் நாட்டின் பல பகுதிகளில் வாகனங்கள் மூழ்கின. மூழ்கியவை கழுவித் துடைத்துச் சந்தைக்கு வரும் என்று மெக்கானிக் அண்ணை எச்சரித்தார். ஹைபிரிட்டின் பெரிய பற்றரி தாழ்வாக, வெசலில் பின்பெட்டித் தளத்துக்குக் கீழேயும் சி.எச்.ஆரில் பின் ஆசனத்துக்குக் கீழேயும் இருக்கிறது. தண்ணீர் புகுந்தால் முதலில் பாதிக்கப்படும் பாகங்களில் அதுவும் ஒன்று. மாற்றுவதென்றால் இலட்சக் கணக்கில் போகும். ஆசனப் பட்டியை முழுவதும் வெளியே இழுத்துப் பார்க்கச் சொன்னார். சுருளின் உள்பக்கத்துப் பட்டியைக் கழுவ யாரும் மினக்கெடமாட்டார்கள், சேற்றுக் கறை அங்கேதான் இருக்கும். கம்பளத்தைத் தூக்கி மணந்து பார்க்கவேண்டும். ஆசனம் பூட்டிய ஆணிகளில் துரு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டுவது சாதாரணம் என்பதால் மானியை மட்டும் நம்பாமல் ஜப்பான் ஏலத் தாளைக் கேட்கவேண்டும். கணினி பூட்டி ஹைபிரிட் பற்றரியைச் சோதித்த அறிக்கையும் கேட்கவேண்டும், அதற்கு விற்பவர் தெரிந்த கராஜ் வேண்டாம்.

வாங்கிய பிறகும் இரண்டு விடயம். பற்றரியைக் குளிரவைக்கக் காற்று இழுக்கும் துவாரம் உள்ளே பின்பக்கமாக இருக்கும். அதற்கு முன்னால் அரிசி மூட்டை, தேங்காய் என்று அடுக்கக்கூடாது. எங்கள் கிரவல் புழுதிக்கு அதன் வடியைத் துப்புரவாக்கவும் வேண்டும். மற்றது, மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கக்கூடாது. பெரிய பற்றரி இருந்தாலும் சாதாரண 12 வோல்ட் பற்றரி இறங்கிவிட்டால் வாகனம் உயிர்க்காது. இதைக் கேட்டதும் அக்கா சிரித்தார். "தம்பி குடும்பமா ஓகஸ்டில வாறதுக்கு ஓட எண்டுதான் பெரிசாப் பாக்கிறான். மற்ற பதினொரு மாசமும் சும்மா நிண்டால் செத்துப்போம் எண்டு அவனிட்ட நீங்களே சொல்லுங்கோ மிஸ்."

இனி, புத்தகம் யாருடைய பெயரில் என்ற கதை. வாகனம் ஓடத் தெரிந்தவர் தமையன். ஆகவே தன் பெயரில் இருந்தால் அலுவல் இலகு என்றார். தம்பியும் சரி என்றிருக்கிறார். தமையன் கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை, அந்தக் குடும்பத்துக்கு நிறையச் செய்திருக்கிறார். ஆனாலும் நான் குறுக்கே பேசினேன். அவர் பெயரில் பதிந்தால் சட்டப்படி அது அவருடைய சொத்து. அவருக்கு நாளை ஒன்று நடந்தால் அவருடைய பிள்ளைகளின் சொத்து. அதை அடமானம் வைத்து லீசிங் எடுப்பதும் அவர் கையில். தேசவழமையில் கணவனின் சம்மதமில்லாமல் மனைவி காணியை விற்க முடியாது என்ற கட்டுப்பாட்டை எங்கள் பெண்கள் பலர் எல்லாச் சொத்துக்கும் பொருத்திப் பார்த்து, 'பொம்பிளை பேரில எழுதினால் பிறகு கரைச்சல்' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது அசையாச் சொத்துக்கு. வாகனம் அசையும் சொத்து, அவள் பெயரில் இருந்தால் அவளே வைத்திருக்கலாம், விற்கலாம்.

திறந்த பத்திரத்தில் வாங்குவதும் வேண்டாம் என்றேன். விற்பவர் திகதி போடாமல் கையெழுத்து வைத்துத் தர, பெயர் மாற்றாமலே கை மாறி ஓடும் வாகனங்கள் எத்தனையோ. பழைய உரிமையாளர் இறந்தால் அல்லது நாட்டைவிட்டுப் போனால் பிறகு அலைச்சல் முழுவதும் உங்களுக்கு. பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அந்தக் கடன் தீர்ந்து பெயர் நீக்கப்படும்வரை ஒரு ரூபாவும் முற்பணம் கொடுக்காதீர்கள். நுண்கடனில் பட்டது போதும்.

தமையன் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப ஓடுறது ஆர்?" என்றார். நியாயமான கேள்வி. அக்காவுக்கு ஸ்கூட்டி ஓட்டும் அனுமதிப்பத்திரம் இருக்கிறது. இந்த வாகனங்களில் கிளச் மிதிப்பதும் இல்லை. அக்காவும் மகளும் ஒன்றாகப் பழகப் போவதென்று முடிவானது. அதுவரை தமையன் ஓடுவார். தம்பிக்கு வெசல் என்றதும் இரண்டு நாள் கோபம். வெசலின் கியர் பெட்டி பற்றி அங்கிருந்து அனுப்பிய செய்திகளால் அக்காவின் கைத்தொலைபேசி நிறைந்துவிட்டது. அவர் பயம் பொய்யில்லை என்பதால், வாங்கும் காசில் ஒரு பகுதியைக் கியர் பெட்டிக்கும் பற்றரிக்கும் என்று அக்காவின் வங்கிப் புத்தகத்தில் ஒதுக்குவதாகச் சமாதானம் செய்தோம். ஆகவே இன்னும் இரண்டு வருடம் பழைய வாகனமாகப் பார்க்கவேண்டி வந்தது. காப்புறுதிக்கும் புகைச் சோதனைக்கும் வருமான அனுமதிப்பத்திரத்துக்கும் வருடாவருடம் போகும் காசை யாழ்ப்பாணப் பயணமில்லாத நாட்களில் ஹயர் ஓடி எடுக்கலாம் என்பது மகளின் கணக்கு. அண்ணைக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை.

முதல் பார்த்த வெசலின் பட்டியை இழுத்தபோது பாதிக்கு மேல் மண்ணிறமாக வந்தது. விட்டுவிட்டு வந்தார்கள். போன கிழமை வவுனியாவில் இருந்து அக்கா தொலைபேசி எடுத்தார்.

"மிஸ், பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாத்தனான், வெள்ளையாக் கிடக்கு. நாற்காலியும் போகுது. அவர் முன்னுக்கு இருக்கிறார். ஆனா வித்தவர் விலையை இவற்ற தமையனிட்டத்தான் சொல்லுறார்."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"வாங்கிறது நான் எண்டு சொன்னன். திரும்பி நிண்டு எனக்குச் சொன்னார். அம்பதாயிரம் கூட்டிச் சொல்லுறார் போல கிடக்கு. இப்ப பேரம் பேசிக்கொண்டு நிக்கிறன், வைக்கிறன் மிஸ்."